டீச்சரின் கண்ணாடி எங்கே? பொருளைத் தொலைக்கும் துணையோடு குடித்தனம் நடத்தும் முறை

தொலைக்கும் துணையைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் உங்களுக்கு இருந்தால், அதை முதலில் கைவிடுங்கள். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எல்லோருக்கும் அவர் டீச்சர். கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படியே அழைக்க வந்துவிட்டது. எப்போதோ முதலாம் ஆண்டில் படித்த பையனைச் சந்தையில் பார்த்தால் அவன் பெயர், அவன் தங்கையின் பெயர், அவன் அப்பா எந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார் என்பது வரை சொல்லுவார். அவர் மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டால் மட்டும் தெரியாது. இப்படிப்பட்டவரை ஞாபகசக்தி இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அக்கறை இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. அவர் தலைக்குள் கண்ணாடிக்கு இடம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

நான் வேலையில் இருந்தவரை தோட்டத்து ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கிடங்குக் குமாஸ்தா. ரப்பர் காலத்தில் உளி, பால் வடியும் மங்கு, வாளி. செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு அரிவாள், நீளக் குழாய், தள்ளுவண்டி, உர மூட்டை, மருந்து தெளிக்கும் பம்ப். பொருளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஓர் அட்டை, வெளியே போனால் ஒரு கையெழுத்து. ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் நிற்கும் எந்த மண்டோரும் (மேற்பார்வையாளரும்) எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. ஸ்டோர் நினைவில் வைத்திருக்கும். வீட்டையும் அந்த அளவுக்குப் பழக்கலாம் என்பதுதான் நான் சொல்லவருவது. கையெழுத்துப் புத்தகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், குடும்பம் நடக்காது.

பொருள் இறங்கும் இடத்தில் ஆணி அடியுங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். உங்கள் துணை வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து எந்த வழியாக நடக்கிறார், எங்கே நிற்கிறார், கை எங்கே காலியாகிறது என்று மட்டும் பாருங்கள். இது துப்பறியும் வேலை. பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

டீச்சர் பள்ளி விட்டு வந்தால் கேட்டைத் திறப்பார், செருப்பைக் கழற்றுவார், முன்கூடத்தில் நிற்கவே மாட்டார். நேரே பின்கட்டுக்குப் போய்ச் சலவை இயந்திரத்தை ஒட்டிய குழாயில் கை கால் கழுவுவார். கழுவ வேண்டுமானால் கை காலியாக வேண்டும். ஆகவே சாவி சலவை இயந்திரத்தின் மேல் இறங்கும். அடுத்தது தண்ணீர். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போது கண்ணாடியில் பனி படியும்; கழற்றிப் பெட்டியின் மேல் வைப்பார். பிறகு சாமி மேடையில் விளக்கேற்றப் போவார். கைக்கடிகாரம் அங்கே பிள்ளையாருக்குப் பக்கத்தில் தங்கிவிடும். கைப்பேசிக்கு நிலையான ஊர் கிடையாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முன்வாசலில் மகள் வாங்கிக் கொடுத்த சாவி மாட்டி ஒன்று இருந்தது. ஐந்து கொக்கி, மேலே இரண்டு மயில். பார்ப்பவர்கள் எல்லாம் அழகு என்றார்கள். அதில் சாவியைத் தவிர எல்லாம் தொங்கின: குடை, கோயில் காலண்டர், கல்யாணப் பத்திரிகை வந்த பை. மனிதர் நிற்காத இடத்தில் மாட்டியிருந்தால் மயில் என்ன செய்யும்? அதைக் கழற்றிச் சலவை இயந்திரத்துக்கு மேலே சுவரில் அடித்தேன். சாவி அன்றிலிருந்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இயந்திரத்தின் தலையிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமே என்று தோன்றலாம். துணி பிழியும் கட்டத்தில் அது ஆடும் ஆட்டத்தில் சாவி பின்னால் போய் விழுந்துவிடும். இயந்திரத்தை இழுத்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்.

இடம் அமைக்கும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். மூடி கூடாது. இழுப்பறை கூடாது. ஒரு கையில் பை இருக்கும்போது மறு கையால் வைக்க முடிய வேண்டும். தோள் உயரத்தில், நடக்கும்போதே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நம்மவர்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு பழைய மிலோ டின் உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்பதால் தொலைப்பவருக்கு அது ஆகவே ஆகாது. அவரைப் பொறுத்தவரை கண்ணுக்குத் தெரியாத பொருள் இந்த உலகத்திலேயே இல்லாத பொருள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் நாங்கள் வைத்திருப்பது ஒரு சின்ன முறம். ஓரம் இருப்பதால் பொருள் உருளாது, ஆழம் இல்லாததால் ஒன்றன்கீழ் ஒன்று ஒளியாது.

ஓர் இடம் ஒரு பொருளுக்கு என்றால் அந்தப் பொருளுக்கு மட்டும்தான். முறத்தில் தண்ணீர் பில்லும் செத்துப்போன பேட்டரியும் கடைச் சீட்டும் சேர ஆரம்பித்தால் அது மறுபடி ஒரு குப்பை மேடையாகிவிடும். அதைக் காலியாக வைத்திருப்பது உங்கள் வேலை, அவருடையது ஆகாது. பங்கைச் சரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வைப்பது அவர் பங்கு, வைக்க இடம் காலியாக இருப்பது உங்கள் பங்கு. அதோடு, ஒழுங்குக்காரர்கள் கூட்டிப் பெருக்கும்போது பொருளை 'சும்மா ஓரமாக' நகர்த்திவைப்பதால் தொலைவதும் நிறைய. அந்தக் கணக்கு மட்டும் ஏனோ தொலைப்பவர் பெயரிலேயே எழுதப்படுகிறது.

'எங்கே வைத்தாய்?' என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கை ஒரு பொருளை வைக்கும் நேரத்தில் மனம் வேறெங்காவது இருந்தால், அந்த இடம் மனத்தில் பதிவதே இல்லை. மறந்துபோவதற்கு முதலில் பதிந்திருக்க வேண்டும் அல்லவா? டீச்சர் கண்ணாடியைக் கழற்றும் நேரத்தில் யாரோ ஒரு பிள்ளையின் அம்மா தொலைபேசியில் இருப்பார். பையன் ஏன் வாய்ப்பாடு சொல்லவில்லை என்பதுதான் மனத்தில் ஓடும். பதியாத ஒன்றைக் 'கொஞ்சம் யோசித்துப் பார்' என்று அதட்டினால் வருவது பதில் அல்ல, அழுகை அல்லது சண்டை.

பதிந்திருக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். பொருளைக் கேட்காமல் வேலையைக் கேட்க வேண்டும்.

"என்னங்க, என் கண்ணாடியைப் பார்த்தீர்களா?"

"கடைசியாக எதைப் படித்தாய்?"

"நாலாம் ஆண்டுக் கட்டுரை. இல்லை, அதற்குப் பிறகு மருந்துப் பாட்டிலில் ஏதோ பார்த்தேன்."

"எந்த மருந்து?"

"உங்கள் அம்மாவின் இருமல் மருந்து."

அம்மாவின் கட்டிலுக்குப் போனால் கண்ணாடி தலையணைப் பக்கத்தில் இருக்கும். மருந்தைப் பார்த்தது நினைவிருக்கிறது, கட்டுரை நினைவிருக்கிறது. இடம் மட்டும்தான் இல்லை. வேலையிலிருந்து இடத்துக்குப் போவது எளிது.

தேடத் தொடங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து தேட வேண்டாம். ஒருவர் தேடிய இடத்தை மற்றவர் கலைப்பார். யாரும் தேடாத இடம் ஒன்று நடுவில் தப்பிவிடும். ஒருவர் தேடட்டும், மற்றவர் தேநீர் போடட்டும். முதலில் பொருள் இருக்க வேண்டிய இடத்தையே முழுதாகப் பாருங்கள்: அடியில், பின்னால், ஒரு சாண் தூரம் சுற்றிலும், மேலே போட்ட துண்டுக்குக் கீழே. 'அங்கே பார்த்தாகிவிட்டது' என்று அவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, நீங்கள் ஒருமுறை பாருங்கள். அடுத்தது ஆளையே பாருங்கள். தலைக்கு மேல் கண்ணாடி, இடுப்பில் செருகிய சாவி, கக்கத்தில் இடுக்கிய பர்ஸ். சிரிக்காதீர்கள், சிரித்தால் அடுத்த முறை சொல்லமாட்டார்.

தேடும்போது பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடுவது நல்லது. என் பாட்டி 'சாவி, சாவி, சாவி' என்று முணுமுணுத்துக்கொண்டே லயத்து வீட்டைச் சுற்றி வருவார்; வயதான கோளாறு என்று நாங்கள் நினைத்தோம். 2012-இல் கேரி லூப்பியன், டேனியல் ஸ்விங்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்து வெளியிட்டிருக்கிறார்கள்: பெயரைச் சொல்லிக்கொண்டு தேடினால் பழகிய தோற்றம் உள்ள பொருள் விரைவில் கண்ணில் படுகிறது, நம் மனத்தில் உள்ள உருவத்துக்குப் பொருந்தாத பொருள் என்றால் அதே பழக்கம் சற்றுத் தடையாகவும் ஆகலாம். ஆகவே உறை மாற்றிய கைப்பேசியைத் தேடும்போது 'கைப்பேசி' என்று மட்டும் சொல்லாமல் 'சிவப்பு உறை, சிவப்பு உறை' என்று சொல்லுங்கள். வாங்கும்போதே கறுப்பில் வாங்காமல் இருப்பது அதைவிட நல்லது. கறுப்புக் குடை, கறுப்புப் பர்ஸ், கறுப்புக் கைப்பேசி உறை எல்லாம் தொலைவதற்கென்றே செய்யப்பட்டவை.

சின்னப் பொருள் தரையில் விழுந்திருந்தால் மேல்விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைத் தரையோடு தரையாக வைத்து அடியுங்கள். தோடு திருகாணி என்றாலும் நிழல் நீளமாக விழும். டீச்சரின் பொருள்களுக்கு என்று சில தனி ஊர்கள் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும், கண்டுபிடித்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அவை திருத்தி முடித்த பயிற்சிப் புத்தகக் கட்டின் நடு, ஊறவைத்த துணி வாளி, மாவு டப்பா இருக்கும் தட்டு, காரின் கூரை. கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டி கிளம்பிவிட்டால் பிறகு சாலையோரம்தான் தேடவேண்டியிருக்கும். குப்பை லாரி வரும் நாளில் பொருள் தொலைந்தால் முதல் வேலை குப்பைப் பையை வீட்டுக்குள் இழுப்பது.

மாமியார் இருந்தவரை எதைக் காணவில்லை என்றாலும் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்வார். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த குடும்பம். தொண்டைமான் மன்னர்கள் காலத்து அம்மன் காசு பற்றிய கதையும் கூடவே கப்பலேறி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிறிஸ்துவக் குடும்பத்தில் பதுவை அந்தோணியாரிடம் முறையிடுவார்கள். அம்மனும் அந்தோணியாரும் ஒரே வேலையைப் பகிர்ந்துகொண்டிருப்பதில் எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. வேண்டிக்கொண்டவர் ஐந்து நிமிடம் ஓடாமல் ஓரிடத்தில் உட்காருகிறார். உட்கார்ந்தால் பதற்றம் இறங்குகிறது. பதற்றம் இறங்கினால் இருமல் மருந்து நினைவுக்கு வருகிறது. வெல்லத்தையும் வீணாக்க வேண்டாம், கடுங்காப்பியில் போடலாம்.

எதை இரட்டிப்பாக்குவது, எதைப் பூட்டுவது

படிக்கும் கண்ணாடி, கத்தரிக்கோல், நகவெட்டி, சிவப்புப் பேனா, கோடாலித் தைலம், குடை. இவற்றைத் தேடுவதில் பெருமை இல்லை. நிறைய வாங்கிப் போடுங்கள். டீச்சருக்குத் தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் சேர்ந்த நல்ல கண்ணாடி ஒன்று உண்டு. அதற்குச் சங்கிலி போட்டாயிற்று. வெறுமனே படிப்பதற்கு ஆகும் கண்ணாடியை இரவுச் சந்தையிலேயே வாங்கலாம். எண் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை கண் கடையில் கேட்டுக்கொண்டால் போதும். சமையலறைக்கு ஒன்று, கட்டிலுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, பள்ளி மேசைக்கு ஒன்று. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அவை புலம்பெயரும்; மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரட்டி மறுபடி குடியேற்றுங்கள். ஸ்டோரில் இதற்குக் கையிருப்புச் சரிபார்ப்பு என்று பெயர். சமையலறையில் நான்கு கண்ணாடி, காரில் ஒன்றுமில்லை என்பதுதான் வழக்கமான நிலவரம்.

இரட்டிப்பாக்க முடியாதவை வேறு ரகம். ஐ.சி. (அடையாள அட்டை), கடப்பிதழ் (பாஸ்போர்ட்), வீட்டு நிலத்தின் கிராண்ட் (பட்டா), பிறப்புப் பத்திரம், அடகுச் சீட்டு. அடகுச் சீட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அடகை மீட்க ஆறு மாதத் தவணை. சீட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாள் நிற்காது. இவற்றில் ஐ.சி. தவிர மற்ற எல்லாவற்றையும் ஒழுங்கானவர் பொறுப்பில் எடுத்துக்கொள்வதே சரி. அதை அதிகாரமாகச் செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள். டீச்சர் பெருமூச்சு விட்டு, 'தயவுசெய்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்றார். பதிலுக்கு எனக்கு வராத வேலைகள், அதாவது யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், யாருக்கு எப்போது பிறந்தநாள், யாரிடம் எந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்பவை, அவர் பொறுப்பு. பேரம் நியாயமானது.

ஐ.சி.யை மட்டும் அவரேதான் சுமக்க வேண்டும். வெளியே போகும்போது அது ஆளோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த அட்டைக்கும் எங்கள் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. ஆளை அடையாளம் காண அடையாள அட்டைப் பதிவு தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். அப்பா காலத்தில் அந்த அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது; கோவணத்துணியில் முடிந்துவைத்திருந்த கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். 2001 முதல் சில்லு பதித்த மைகார்டு வந்தது. தொலைத்தால் தேசியப் பதிவுத் துறையில் தண்டம் கட்டி மாற்ற வேண்டும். அடுத்தடுத்த முறை தொலைத்தால் தண்டம் ஏறிக்கொண்டே போகும். திருட்டுப் போனது என்றால் முதலில் போலீசில் புகார் செய்து அந்த அறிக்கையோடு போங்கள்.

ஐ.சி. பெரும்பாலும் எங்கே தொலைகிறது என்று பார்த்தால், பை மாறும்போது. பெண்களுக்குப் பள்ளிப் பை வேறு, கோயில் பை வேறு, கல்யாணப் பை வேறு. பட்டுப் புடவைக்குப் பொருந்தும் பைக்கு ஐ.சி.யும் வங்கி அட்டையும் டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையும் ஒவ்வொன்றாக இடம் மாறும். திரும்பி வரும்போது மூன்றில் ஒன்று கல்யாணப் பையிலேயே அடுத்த முகூர்த்தம் வரை தூங்கும். வழி இதுதான்: ஜிப் வைத்த சின்ன உறை ஒன்று, பளிச்சென்ற நிறத்தில். எல்லா அட்டையும் அதற்குள். பை மாறினால் உறையே மாறும், அட்டை மாறாது. கைப்பேசி உறையின் பின்பக்கத்தில் ஐ.சி.யைச் செருகும் வழக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன். கைப்பேசி போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

ஒரு சுமை குறைந்திருக்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து சொந்தக் காருக்குச் சாலை வரி வில்லையை ஒட்டவேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமமும் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும். தொலைப்பதற்கு இரண்டு பொருள் குறைவு. எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டதால் கைப்பேசியின் விலை மட்டும் ஏறிவிட்டது.

கைப்பேசியும் மணியடிக்கும் வில்லையும்

கைப்பேசிக்கு இடம் ஒதுக்கிப் பயனில்லை. அது ஆளோடு நடமாடும் பொருள். மணியை அடக்கி வைத்துவிட்டுத் தொலைப்பதுதான் ஆசிரியர்களின் சிறப்பு. ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் கூகுளின் தேடும் வசதியை இன்றே முடுக்கிவைத்து, உங்கள் கைப்பேசியிலிருந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மணி அடக்கி இருந்தாலும் அது முழுச் சத்தத்தில் அலறும். ஐபோனிலும் அதே வசதி உண்டு. தொலைந்த பிறகு அமைக்கலாம் என்று விட்டால், அமைப்பதற்குக் கைப்பேசி இருக்காது.

சாவியில் மாட்டும் புளூடூத் வில்லையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்குள் நல்ல உதவி. ஏறக்குறைய பத்து மீட்டருக்குள் இருந்தால் சத்தம் கொடுக்கும், கனமான சுவர் இருந்தால் அதைவிடக் குறையும். வெளியே அது தனக்குத் தானே இடம் சொல்வதில்லை. அந்த வழியாகப் போகும் மற்றவர்களின் கைப்பேசி அதைக் கேட்டு, அவர்கள் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கிறது. கோலாலம்பூர் பேரங்காடியில் அது நடக்கும். செம்பனைக் காட்டு ஓரத்தில் சாவி விழுந்தால் அந்தப் பக்கம் போவது குரங்கும் பன்றியும்தான். பெரும்பாலும் காசு வடிவ பேட்டரி இருக்கும். சிறு பிள்ளைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தீபாவளி நேரம்

ஆண்டு முழுவதும் கட்டிக்காத்த ஒழுங்கு தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரே நாளில் உடையும். சுவருக்குச் சாயம் அடிப்பார்கள், அலமாரி நகரும், முறுக்கு டின்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏறி முறத்தை விரட்டிவிடும். சுத்தம் தொடங்கும் முன் ஒவ்வொரு தட்டையும் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். திரும்ப வைக்கும்போது சண்டை இருக்காது. கொக்கியும் முறமும் கடைசியாக நகர வேண்டும், முதலில் திரும்ப வேண்டும். விருந்தாளிகள் வரும் நாளில் நகைப்பெட்டியைப் 'பத்திரமாக' ஓரிடத்தில் வைக்க அவர் கிளம்பினால் கூடவே போங்கள். சாதாரண இடத்தில் வைத்தது கிடைத்துவிடும். பத்திரமாக வைத்ததுதான் கிடைக்காது.

தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சேரோ கோயிலுக்குப் போகும்போது கைப்பையே வேண்டாம். அந்தச் சின்ன உறையைக் கழுத்தில் மாட்டித் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொண்டால் கூட்டத்தில் கை வீசி நடக்கலாம்.

வாயைக் கட்டுவது

'அப்போதே சொன்னேனே' என்ற சொல்லை வீட்டிலிருந்து நாடு கடத்துங்கள். பொருளை நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் உடனே கொடுங்கள். முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு விளையாடுவது, பாடம் கற்பிப்பதற்காக ஒளித்துவைப்பது இரண்டும் கீழ்த்தரம். பிள்ளைகள் முன்னிலையில், மருமகன் முன்னிலையில், கோயில் திண்ணையில் இதைக் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைக்காதீர்கள். (இதை எழுதுவதற்கு டீச்சரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். முதல் வாசகியும் அவர்தான்; இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு.)

காலையில் பேசுவதை இரவுக்கு மாற்றுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அறிவுரை சொன்னால் அவசரம் கூடும், அவசரத்தில் இன்னொன்று தொலையும். இரவு படுக்கப்போகும் முன் சாவி, கைப்பேசி, கண்ணாடி இந்த மூன்றை மட்டும் அவரே ஒருமுறை பார்த்துவரட்டும். நான்காவதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மூன்றும் போய்விடும். நீங்கள் கேட்க வேண்டியது, 'ஸ்டோர் பூட்டியாச்சா?' என்று ஒரே வார்த்தை. அவர் 'பூட்டியாச்சு கிராணியாரே' என்பார். அதற்கு மேல் விசாரணை வேண்டாம்.

எப்போது கிளினிக்குக்குப் போவது

சிறு வயதிலிருந்தே இப்படித்தான் என்றால் அது பெரும்பாலும் ஆளின் இயல்பு. பொருளைத் தொலைப்பதோடு, தொடங்கிய வேலையை முடிக்க முடியாமை, நேரம் தவறுவது, ஓரிடத்தில் நிலைத்து உட்கார முடியாமை எல்லாம் சேர்ந்து வாழ்க்கையையே இழுத்துப்பிடித்தால், கவனக்குறைபாடு பெரியவர்களுக்கும் உண்டு, மருத்துவரிடம் கேட்கலாம். நான் கவலைப்படச் சொல்வது மாற்றத்தைப் பார்த்து. இதுவரை ஒழுங்காக இருந்தவர் திடீரென்று தொலைக்கத் தொடங்குவது. சாவியைச் சோற்றுப் பானைக்குள் வைப்பதுபோல் காரணமில்லாத இடங்களில் வைப்பது. வந்த வழியை மனத்தில் திரும்ப நடந்து பார்க்கவே முடியாமல் போவது. வேலைக்காரி எடுத்துவிட்டாள், மருமகள் எடுத்துவிட்டாள் என்று சந்தேகப்படுவது. வயதானவரிடம் இவை தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாமே பெரிய நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு, தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து, மாதவிடாய் நிற்கும் பருவம் எல்லாமே கவனத்தைக் கலைக்கும். பலவற்றுக்குச் சிகிச்சை எளிது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). போகும்போது தற்போது சாப்பிடும் மருந்துகளை எல்லாம், நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயரை மனப்பாடமாகச் சொல்லச் சொன்னால் அவருக்கும் வராது, உங்களுக்கும் வராது.

மாற்றுச் சாவி

வீட்டுச் சாவி உண்மையிலேயே தொலைந்துவிட்டால் பூட்டு முழுவதையும் மாற்றவேண்டியதில்லை. பெரும்பாலான கதவுகளில் உள்ளே இருக்கும் சிலிண்டரை மட்டும் கழற்றி மாற்றலாம். பழையதைக் கையோடு ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோனால் அளவு தவறாது. மாற்றுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும் செருப்பு அலமாரியிலும் வைக்காதீர்கள். இந்த ஊரில் எல்லோர் வீட்டுச் சாவியும் அங்கேதான் இருக்கும் என்று திருடனுக்கும் தெரியும். சாவியில் வீட்டு எண்ணையும் எழுதாதீர்கள். பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தில் ஒட்டும் நட்சத்திர வில்லையை டீச்சர் ஒட்டிவைத்திருக்கிறார், எங்களுக்கு அது போதும்.

எங்கள் மாற்றுச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. அக்கா கிள்ளானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார் என்பதால் இன்னொன்று சந்தியில் இருக்கும் முடிதிருத்தும் கடையில் இருக்கிறது. கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்கு மட்டும் டீச்சர் புறப்படும்போது சாவியை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருப்பேன்.